வேறு மாநிலத்தில் நன்கொடை கேட்க என்ன பதிவு வேண்டும்? அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் தொண்டு நிறுவனம் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஆவலோடு காத்திருப்பது ஒரு கடிதத்துக்கு. வருமான வரித்துறையான ஐஆர்எஸ் அனுப்பும் 501(சி)(3) அங்கீகாரக் கடிதம் அது. கைக்கு வந்ததும் இணையதளத்தில் நன்கொடை பட்டனை வைத்து, வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க்கை அனுப்பி, வசூலைத் தொடங்கிவிடுவார்கள். இனி எந்தத் தடையும் இல்லை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கடிதம் வரியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நிறுவனம் வருமான வரி கட்ட வேண்டியதில்லை, கொடுப்பவர் அந்தத் தொகையைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பொதுமக்களிடம் போய்ப் பணம் கேட்பதற்கு அது அனுமதி ஆகாது. கேட்பதை ஒழுங்குபடுத்துவது ஒவ்வொரு மாநில அரசின் கையில் இருக்கிறது. ஏறத்தாழ 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யும், தங்கள் எல்லைக்குள் வசிப்பவர்களிடம் நன்கொடை கேட்பதற்கு முன்பே தொண்டு நிறுவனங்கள் தங்களிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கின்றன.

ஒரு உதாரணத்தோடு பேசினால் எளிதாக இருக்கும். நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கும் சிலர், ஊரில் தாங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு ஆய்வகம் கட்டித்தர ஒரு நிறுவனம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் பதிவு ஆகிவிட்டது, ஐஆர்எஸ் கடிதமும் வந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் டெக்ஸாஸின் டல்லாஸில் இருக்கிறார்கள், பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்கில் இருக்கிறார்கள், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கிறார்கள். பொருளாளர் எடிசனில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புகிறார். சட்டத்தின் பார்வையில் அவர் மூன்று மாநிலங்களில் நன்கொடை கேட்டுவிட்டார். அனுப்பியவர் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமில்லை. கேட்கப்பட்டவர் எங்கே வசிக்கிறார் என்பதே கணக்கு. அதோடு, பல மாநிலங்களில் பணம் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. கேட்டாலே போதும், பதிவுக் கடமை வந்துவிடும். கடிதம், தொலைபேசி அழைப்பு, விருந்து நிகழ்ச்சிக்கான டிக்கெட், சமூக ஊடகப் பதிவு என்று எந்த வழியில் கேட்டாலும் அதுதான் நிலை.

எதற்காக இவ்வளவு கெடுபிடி?

அமெரிக்காவில் தொண்டின் பெயரால் நடக்கும் மோசடிகளை முன்னின்று துரத்துவது பெரும்பாலும் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரிகளான அட்டர்னி ஜெனரல்கள்தான். 2015ல் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் ஒன்றாகச் சேர்ந்து நான்கு போலிப் புற்றுநோய்த் தொண்டு அமைப்புகள் மீது வழக்குப் போட்டன. நோயாளிகளுக்கு உதவுவதாகச் சொல்லி 18 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேல் மக்களிடம் வாங்கி, அதில் பெரும்பகுதியை நடத்தியவர்களும் அவர்களின் உறவினர்களும் வசூல் கம்பெனிகளும் தின்றுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் புற்றுநோயைப் பார்த்தவர்களாக இருந்திருப்பார்கள். பதிவு விதிகளை வெறும் காகித வேலை என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

'வசூலில் இத்தனை சதவீதத்துக்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?' என்று கேட்கலாம். மாநிலங்கள் அதை முயன்று பார்த்தன. 1980, 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று தீர்ப்புகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. நன்கொடை கேட்பதும் பேச்சுரிமையின் பகுதி. செலவு அதிகம் என்பதாலேயே அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. ஆனால் 1988 தீர்ப்பு இன்னொரு வழியைத் திறந்தே வைத்தது. வசூல் செய்பவர்களிடம் நிதி விவரங்களைக் கேட்டு வாங்கி, அவற்றை அரசே மக்கள் பார்வைக்கு வெளியிடலாம் என்றது. இன்றைய பதிவு முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. நல்ல நிறுவனம் எது, கெட்ட நிறுவனம் எது என்று அரசு தரம் பிரித்துச் சொல்வதில்லை. விவரங்களை வாங்கிப் பொதுவில் வைக்கிறது. கொடுப்பவர் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். பொய் சொல்லி வசூலித்தால் மோசடி வழக்குப் போடலாம் என்பதை 2003ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த இல்லினாய்ஸ் வழக்கில், முன்னாள் படைவீரர்களுக்காக என்று திரட்டிய பணத்தில் 85 சதவீதத்தை வசூல் கம்பெனியே வைத்துக்கொண்டிருந்தது.

எந்தக் கதவைத் தட்டுவது?

இதற்கென்று நாடு முழுவதற்கும் ஒரே அலுவலகம் இல்லை. நியூயார்க், கலிபோர்னியா, இல்லினாய்ஸ், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம். நியூ ஜெர்சியில் நுகர்வோர் விவகாரப் பிரிவு. வட கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் மாநிலச் செயலர் அலுவலகம். புளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் விவசாயம் மற்றும் நுகர்வோர் சேவைத் துறை. படிவம் ஒவ்வோர் இடத்திலும் வேறு, கட்டணமும் வேறு, புதுப்பிக்கும் கெடுவும் வேறு. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரே படிவம் என்று ஒன்றை முன்பு உருவாக்கினார்கள். ஆனால் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்த இணைய வாசலுக்குப் போய்விட்டன. அந்தப் படிவத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பதிவே கேட்காத மாநிலங்களும் உண்டு. டெலவேர், ஐடஹோ, அயோவா, மொன்டானா, நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், வயோமிங் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். அரிசோனா முன்பு பதிவு கேட்டது, 2013ல் அதை எடுத்துவிட்டது. இந்தியானா தொண்டு நிறுவனத்தை விட்டுவிட்டு, காசுக்கு வசூல் செய்து தருபவர்களை மட்டும் பதியச் சொல்கிறது. டெக்ஸாஸில் பொதுவான பதிவு இல்லை; காவல்துறை, பொதுப் பாதுகாப்பு, முன்னாள் படைவீரர் ஆகியோரின் பெயரில் தொலைபேசியில் வசூலிப்பவர்களுக்குத்தான் தனி விதி. ஆக, டல்லாஸ் நண்பரைப் பற்றி எடிசன் பொருளாளர் கவலைப்பட வேண்டியதில்லை. பிட்ஸ்பர்க் நண்பரும் சான் ஹோசே நண்பரும்தான் கேள்வி.

விலக்குகள்

சின்ன நிறுவனங்களுக்குப் பல மாநிலங்கள் விலக்கு கொடுக்கின்றன. பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் ஆண்டு வசூல் 25,000 டாலருக்குள் இருந்து, சம்பளத்துக்கு வசூல் செய்பவர்களை வைத்துக்கொள்ளாமல் இருந்தால் பதிவு தேவையில்லை. நியூ ஜெர்சியில் அந்த வரம்பு 10,000 டாலர். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியாவில் இருந்து 500 டாலர்தானே வந்தது, நமக்கு விலக்கு உண்டு என்று கணக்குப் போடுவார்கள். பல மாநிலங்களில் அந்த வரம்பு, நிறுவனம் எல்லா இடங்களிலும் சேர்த்துத் திரட்டிய மொத்தத் தொகைக்கானது. நம் எடிசன் நிறுவனம் அந்த ஆண்டு எல்லாருமாகச் சேர்த்து 60,000 டாலர் திரட்டியிருந்தால், பிட்ஸ்பர்கில் இருந்து வந்தது 500 டாலராக இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்டியாகிவிட்டது.

மத அமைப்புகளுக்கு, அதாவது தேவாலயம், கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றுக்கு, பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு உண்டு. பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளுக்கும் பல இடங்களில் உண்டு. தன் உறுப்பினர்களிடம் மட்டும் கேட்கும் சங்கங்களுக்குச் சில மாநிலங்களில் உண்டு. ஆனால் ஒன்று: எடிசன் நிறுவனம் பள்ளிக்கு உதவுகிறதே தவிர அதுவே பள்ளி ஆகிவிடாது. அதேபோல, பொங்கல் விழாவுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரையும் உறுப்பினர் என்று எழுதிக்கொண்டு விலக்குக் கேட்க முடியாது. உறுப்பினர் என்றால் ஓட்டுரிமையோ வேறு உண்மையான உரிமையோ இருக்க வேண்டும் என்று விதிகள் எதிர்பார்க்கும். அப்புறம், விலக்கு சில மாநிலங்களில் தானாகவே கிடைக்கும். சிலவற்றில் விண்ணப்பம் போட்டு வாங்கினால்தான் செல்லும்.

இணையத்தில் ஒரு பட்டன் வைத்தாலே 40 மாநிலமா?

ரொம்பப் பேரைக் குழப்புவதும் பயமுறுத்துவதும் இந்தக் கேள்விதான். இணையதளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்படியானால் பட்டன் வைத்த நாளிலேயே எல்லா மாநிலத்திலும் கேட்டதாகிவிடுமா?

மாநிலத் தொண்டு அதிகாரிகளின் தேசிய சங்கம் இதற்காகவே 2001ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரில் நடந்த மாநாட்டில் பேச்சு தொடங்கியதால் சார்லஸ்டன் கோட்பாடுகள் என்று பெயர். சாரம் இதுதான். உங்கள் சொந்த மாநிலத்தில் எப்படியும் பதிய வேண்டும். வெளி மாநிலத்தில், தளம் சும்மா இருக்கிறது, யாரோ ஒருவர் தானாகத் தேடி வந்து கொடுத்தார் என்றால் அதனால் மட்டும் பதிவுக் கடமை வராது. அந்த மாநிலத்து மக்களைக் குறிவைத்து நீங்கள் கேட்டாலோ, அங்கிருந்து இணையம் வழியாகத் தொடர்ச்சியாகவோ கணிசமாகவோ பணம் வந்தாலோ வரும். தளத்தில் வந்து கொடுத்தவருக்கு அடுத்த மாதம் நீங்களே மின்னஞ்சல் அனுப்பி இன்னும் கொஞ்சம் கேட்டால், அதுவும் அவரைத் தேடிப் போய்க் கேட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

இந்தக் கோட்பாடுகள் ஆலோசனைதான், சட்டமில்லை. டென்னஸி, கொலராடோ போல ஒரு சில மாநிலங்கள் மட்டும் இவற்றைத் தங்கள் விதிகளுக்குள் கொண்டுவந்து, 'தொடர்ச்சி', 'கணிசம்' என்றால் எவ்வளவு என்று எண் போட்டுச் சொல்லியிருக்கின்றன. மற்ற மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் தங்கள் விருப்பப்படி படிக்கும். என் கருத்து, சின்ன நிறுவனங்கள் இந்தக் கோட்பாடுகளை நேர்மையான திசைகாட்டியாக வைத்துக்கொள்வது சரி. ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்துக்கொள்வது சரியில்லை. பிட்ஸ்பர்கில் பத்துப் பேர் மாதாமாதம் தானாகக் கழியும்படி பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, நாங்கள் பட்டன் மட்டும்தான் வைத்தோம் என்று சொல்வது பொருந்தாது.

கலிபோர்னியாவைத் தனியாகப் பார்க்க வேண்டும்

மென்பொருள் துறையில் இருப்பவர்களிடம் திரட்டும் எந்த நிறுவனமும் சீக்கிரமே கலிபோர்னியாவுக்கு வந்து நிற்கும். அங்கே அட்டர்னி ஜெனரலின் கீழ் தொண்டுப் பதிவகம் இருக்கிறது. முதல் பதிவுக்கு சிடி-1 என்ற படிவமும் 50 டாலர் கட்டணமும். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஆர்ஆர்எஃப்-1 என்ற புதுப்பித்தல் படிவம். நிதியாண்டு முடிந்து நான்கரை மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். கணக்காண்டு டிசம்பரில் முடிந்தால் மே 15.

இதைத் தவறவிட்டால் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் கெடு தவறியது என்ற நிலை ஏறிவிடும். பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டித் தேடி இதைப் பார்க்கலாம். அந்த நிலையில் இருக்கும் நிறுவனம் கலிபோர்னியாவில் இயங்கவோ நன்கொடை கேட்கவோ கூடாது. தாமதக் கட்டணத்தை நன்கொடைப் பணத்தில் இருந்து கட்டவும் முடியாது. காரணமான நிர்வாகிகள் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். நண்பர் கேட்டாரே என்று பொருளாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

2023 ஜனவரி முதல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இணைய நன்கொடைத் தளங்களையும் கலிபோர்னியா சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. ஐஆர்எஸ், மாநில வரி வாரியம், அட்டர்னி ஜெனரல் ஆகிய மூன்று இடங்களிலும் பெயர் சுத்தமாக இல்லாத நிறுவனத்துக்கு அந்தத் தளங்கள் வசூல் செய்து தரக்கூடாது. அதனால் தளங்கள் இந்தப் பட்டியல்களைச் சரிபார்த்தாக வேண்டும். படிவம் விட்டுப்போன ஒரே காரணத்தால் வசூல் பக்கம் முடங்கும் நிலை நிஜமாகவே வரலாம். ஐஆர்எஸ் பக்கமும் இதோடு சேர்ந்து ஓடுகிறது: ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய ஃபார்ம் 990 வகைக் கணக்குப் படிவங்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அனுப்பாவிட்டால் 501(சி)(3) தகுதி தானாகவே போய்விடும். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலரைத் தாண்டாத நிறுவனங்கள் அனுப்ப வேண்டியது 990-என் என்ற சின்ன இணையப் படிவம்தான். சின்னது என்பதாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள்.

கொடுத்தவர்களின் பெயர்களையும் மாநிலத்திடம் தர வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். பெரிய நன்கொடையாளர் பட்டியலைக் கலிபோர்னியா முன்பு கேட்டுக்கொண்டிருந்தது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது.

உள்ளே என்ன கேட்பார்கள்

மாநிலம் எதுவானாலும் கேட்கும் தாள்கள் பெரும்பாலும் ஒன்றுதான். நிறுவனப் பதிவுச் சான்று, உள்விதிகள், ஐஆர்எஸ் கடிதம், கடைசியாகத் தாக்கல் செய்த ஃபார்ம் 990, இயக்குநர்களின் பெயரும் முகவரியும், வசூல் எப்படி நடக்கும், பணம் எதற்குப் போகும் என்ற விவரம். இவற்றை ஒரே கோப்பில் போட்டு வைத்துக்கொண்டால் இரண்டாவது மாநிலத்துக்கு வேலை பாதியாகிவிடும். வரவு பெரிதானால் சிபிஏ எனப்படும் உரிமம் பெற்ற கணக்காளரின் தணிக்கையும் கேட்பார்கள். கலிபோர்னியாவில் அது 20 லட்சம் டாலருக்கு மேல், நியூயார்க்கில் 10 லட்சம் டாலருக்கு மேல்.

ஃபார்ம் 990ல் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரி இருக்கிறது. ஆறாம் பகுதியில் 17ஆம் வரி. இந்தப் படிவத்தின் நகலை எந்தெந்த மாநிலங்களில் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது என்று பட்டியல் கேட்கும். கீழே நிர்வாகி ஒருவர், சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்று கையெழுத்துப் போடுகிறார். அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய படிவம். இணையதளத்தில் 12 மாநிலங்களில் தன்னார்வலர்கள் இருப்பதாக எழுதிவிட்டு, 17ஆம் வரியில் நியூ ஜெர்சி மட்டும் என்று போட்டால், பார்ப்பவருக்குக் கேள்வி எழும்.

பதிவு செய்தபின் இன்னொரு கடமையும் இருக்கிறது. புளோரிடா, பென்சில்வேனியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள், நன்கொடை கேட்கும் கடிதத்திலோ ரசீதிலோ ஒரு வாசகத்தை அச்சிடச் சொல்கின்றன: நிறுவனத்தின் பதிவு விவரங்களை இந்த அரசு அலுவலகத்தில் பெறலாம், பதிவு ஆகியிருப்பதால் அரசு இதைப் பரிந்துரைக்கிறது என்று பொருள் இல்லை. பல மாநிலங்களில் கேட்கும் நிறுவனங்கள் எல்லா வாசகங்களையும் ஒரே பக்கத்தில் போட்டு, இணையதளத்தின் அடியில் லிங்க் கொடுத்துவிடுவது வழக்கம்.

வசூலுக்கு வெளி ஆட்களைக் கூலிக்கு வைத்தால் கதையே வேறு. அவர்களும் தனியாகப் பதிய வேண்டும், பல இடங்களில் பிணைத்தொகை கட்ட வேண்டும், உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்பந்தத்தை மாநிலத்திடம் கொடுக்க வேண்டும். சிறிய நிறுவன விலக்கும் பெரும்பாலும் போய்விடும். கடைக்காரர் ஒருவர், 'விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டாலர் உங்களுக்கு' என்று உங்கள் பெயரைப் போட்டு விளம்பரம் செய்தாலும் சில மாநிலங்களில் தனி விதி உண்டு. தொடக்க ஆண்டுகளில் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

சொந்த மாநிலத்தில் இருந்து. அது சரியாக இல்லாமல் வெளியே போகக்கூடாது. அப்புறம் நன்கொடைப் பட்டியலை எடுத்து, முகவரியை வைத்து மாநிலவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எடிசன் நிறுவனம் இதைச் செய்தால், முக்கால்வாசிப் பணம் நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா, கலிபோர்னியாவில் இருந்து வருவது தெரியவரலாம். இந்த நான்கையும் முதலில் முடிக்கலாம். அடுத்த ஆண்டு எங்கே விருந்து வைக்கப் போகிறோம், எந்த ஊரில் மாரத்தான் ஓடி நிதி திரட்டப் போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்தால், அந்த மாநிலத்தை நிகழ்ச்சிக்கு முன்பே சேர்த்துக்கொள்ளலாம். முதல் நாளிலேயே 40 மாநிலத்திலும் பதிந்து தருகிறோம் என்று விற்கும் சேவைகள் இருக்கின்றன. நாடு முழுக்க உண்மையிலேயே கேட்கிற நிறுவனத்துக்கு அவை உதவும். ஆண்டுக்கு 30,000 டாலர் திரட்டும் சங்கத்துக்கு அந்தச் செலவு ஒரு ஆய்வகத்தின் பாதியைத் தின்றுவிடும். பெரும்பாலான பதிவுகள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கடமையாகத் தொடரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கெடு தேதிகளைப் பொருளாளரின் தனிப்பட்ட நாட்காட்டியில் வைக்காமல், நிறுவனத்தின் பொது மின்னஞ்சலில் இணைந்த நாட்காட்டியில் வையுங்கள். பொருளாளர் மாறும் ஆண்டில்தான் புதுப்பித்தல்கள் விட்டுப்போகின்றன.

ஏற்கெனவே பதியாமல் பல ஆண்டுகள் கேட்டாகிவிட்டது என்றால்? பதறி வசூலை மறைக்கப் பார்க்க வேண்டாம். இந்த மாநிலத்தில் இதற்கு முன் நன்கொடை கேட்டிருக்கிறீர்களா, எப்போதிலிருந்து என்று படிவமே கேட்கும். உள்ளபடி எழுதுங்கள். சில மாநிலங்கள் விட்டுப்போன ஆண்டுகளின் அறிக்கைகளையும் தாமதக் கட்டணத்தையும் கேட்கும். தானாக முன்வந்து பதிபவர்களை அதோடு விட்டுவிடுவதுதான் பொதுவான நடைமுறை. புகார் வந்து, அட்டர்னி ஜெனரல் கடிதம் அனுப்பியபின் பதிபவரின் நிலை அப்படி இருக்காது. தொகை பெரிதாக இருந்தால், அல்லது பல மாநிலங்கள் சம்பந்தப்பட்டிருந்தால், படிவத்தை அனுப்புவதற்கு முன் தொண்டு நிறுவனச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். அடுத்த வசூல் மின்னஞ்சலை அதற்குப் பிறகு அனுப்பலாம்.